இழந்ததை மீட்கும் ஆசை

சைவப் பாடசாலைகளிலே கற்பித்தற்றொழிலை மேற்கொண்டு விளங்கும் அன்பர்களே,

பங்குச்சந்தையைப்பற்றிச் சமயப் பிரசங்கம் ஒன்றிலே பேசுதல் பொருந்துமோ என உங்களுட் சிலர் ஐயுறுதல் கூடும். எப்பங்கை வாங்குக, எதனை விற்குக என்று சொல்லுதற்கு நான் எழுந்தேனல்லேன். அதற்கேற்ற அறிவும் எனக்கில்லை. அச்சந்தையிலே அடுத்தடுத்துத் தோற்றுக்கொண்டிருக்கும் மனிதனுடைய மனம் எந்நிலையை அடைகின்றது, அம்மனத்தை அவன் எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பனவே நான் பேச எடுத்த பொருள். மனம் எரிகின்ற இடத்திலே சமயத்துக்கு வேலை உண்டு. ஆதலினால் இப்பொருள் இங்கே பொருந்துமென்று துணிந்தேன்.

கொழும்பிலே பங்குத்தரகர் சங்கம் தோன்றியது 1896 ஆம் ஆண்டில். அக்காலத்தும் அதன்பின் நெடுங்காலத்தும் பங்கு வியாபாரம் தரகர்க்கும் தனவந்தர்க்குமே உரிய காரியமாயிருந்தது. இன்றோ கைத்தொலைபேசி ஒன்றுடையார் எவரும், பாடசாலை மணி அடிக்குமுன் ஆசிரியர் அறையிலிருந்தபடியே பங்கும், அந்நிய நாணயமும், கிரிப்டோ நாணயமும் வாங்கவும் விற்கவும் வல்லராயினர். வாயில் அகன்றது, உள்ளே புகுவார்க்கு வேண்டிய மனப்பயிற்சியோ அகன்றதில்லை.

ஓர் ஆசிரியரை மனத்தால் எண்ணிக்கொள்ளுங்கள். அவர் சம்பளத்திலே மிச்சம்பிடித்த காசைக்கொண்டு இவ்வியாபாரத்திலே இறங்கினார். முதன்மாதத்தில் இலாபம் வந்தது. அதனை மனைவிக்குச் சொன்னார், உடனாசிரியர்க்குஞ் சொன்னார். பின்பு ஒரு நட்டம் வந்தது. அதன்மேல் மற்றொன்று வந்தது. இவ்வாறு ஆறு முறை தொடர்ந்து தோற்றார். இலாபத்தைச் சொன்ன வாய் நட்டத்தைச் சொல்லவில்லை. இழந்ததை ஒரே முறையில் எடுத்துவிடலாமென்று கருதி, மனைவியின் காப்பை ஒரு காரணங்கூறி வாங்கி அடைவு வைத்து, முன்னையினும் பெருந்தொகையை இட்டார். அதுவும் போயிற்று. மறுநாட் காலையிலே வகுப்பில் ஒரு சிறுபிள்ளை கூட்டற்கணக்கிலே ஒன்றை விட்டுவிட்டது. ஆசிரியர் அப்பிள்ளைமேற் பாய்ந்து, வகுப்பு முழுதும் நடுங்கும்படி ஏசினார். அப்பிள்ளை செய்த குற்றம் அத்துணைப் பெரிதோ? அன்று. அக்கோபம் வகுப்பறையிலே பிறந்ததன்று. முதனாள் இரவு கைத்தொலைபேசியின் ஒளியிலே பிறந்தது.

இவரைக் கெடுத்தது எது? ஆறு தோல்விகள் என்பீர்களாயின், அற்றன்று. ஆறு தோல்விகளும் அவருடைய காசிலே ஒரு பங்கையே கொண்டுபோயின. மனைவியின் காப்பையும், நித்திரையையும், பிள்ளைகள்முன் அவருக்கிருந்த பொறுமையையும் கொண்டுபோனது ஏழாவதாக எழுந்த ஓர் ஆசை. இழந்ததை மீட்டேயாகவேண்டும் என்பது அவ்வாசை. அதன் இயல்பையும், அதனை அடக்கும் வழியையும் முறையே ஆராய்வோம்.

முதலாவது அறியற்பாலது, தோல்விகள் தொடர்ந்து வருதல் இயற்கை என்பது. இதனை உங்கள் வகுப்பிலே பிள்ளைகளைக்கொண்டே காட்டலாம். ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டி, விழுவது பூவோ தலையோ என்று எழுதச் செய்யுங்கள். இரண்டுஞ் சமனாக விழத்தக்க நாணயமே எனினும், அந்நூறு முறையுள் எங்கேனும் ஓரிடத்திலே பூவே ஐந்து முறை அடுத்தடுத்து விழுதற்குள்ள வாய்ப்பு 100க்கு ஏறக்குறைய 81 ஆகும். ஆறு முறை அடுத்தடுத்து விழுதற்கு 100க்கு ஏறக்குறைய 55 ஆகும். நாணயத்தில் வஞ்சகமில்லை, சுண்டிய பிள்ளையிடத்திற் குற்றமில்லை, கிரகக்கோளாறும் இல்லை. எனவே பாதிக்குப்பாதி வெல்லத்தக்க திறமையுடைய வியாபாரிக்கும் ஐந்தாறு தோல்விகள் தொடர்ந்து வருதல் தப்பாது.

மனமோ இதனை ஏற்பதில்லை. தொடர்ச்சி ஒன்றைக் கண்டவுடன் அதற்கு ஒரு கதை கட்டுகின்றது. தளர்ந்தவன், எனக்குக் கை இராசியில்லை, இனி எதைத் தொட்டாலும் நட்டமே என்கின்றான். துணிந்தவன், இத்தனை முறை தோற்றேனாதலால் அடுத்தது வெற்றியேயாம் என்கின்றான். இருவருந் தவறினர். மொன்டே கார்லோ நகரத்துச் சூதாட்ட மண்டபத்திலே 1913 ஆம் ஆண்டில் ஒருநாள் சுழல்வட்டத்திலே கறுப்பு நிறமே 26 முறை அடுத்தடுத்து வந்தது. இனிச் சிவப்பே வரும், இனிச் சிவப்பே வரும் என்று மேன்மேலும் பணையம் வைத்தவர்கள் பெரும்பொருளை இழந்தனர். சுழல்வட்டத்துக்கு ஞாபகசக்தி இல்லை. முன்னே விழுந்தது இதுவென்று அஃது அறியாது. ஞாபகம் நம்மிடத்திலேயே உளது. நம்முடைய துன்பத்தைச் சந்தை எண்ணிக் கணக்கு வைத்திருக்கின்றது என்று கருதுதல் பேதைமையாம்.

இரண்டாவது அறியற்பாலது, தோற்கின்றபோது மனம் தன் இயல்பு திரிந்து நிற்கும் என்பது. கானிமன், துவெர்ஸ்கி என்னும் உளநூலறிஞர் இருவர் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதனை விளக்கும். அவர்கள் மாந்தரை நோக்கி, 3,000 நிச்சயமாகப் பெறுதல் வேண்டுமோ, அன்றி 4,000 பெறுதற்கு 100க்கு 80 வாய்ப்பும் ஒன்றும் பெறாமைக்கு 100க்கு 20 வாய்ப்பும் வேண்டுமோ என்று வினாவினர். 100க்கு 80 பேர் நிச்சயமான 3,000ஐயே தெரிந்தனர். பின்பு அவ்வினாவையே நட்டமாகத் திருப்பி, 3,000 நிச்சயமாக இழக்கின்றீரோ, அன்றி 4,000 இழத்தற்கு 100க்கு 80 வாய்ப்பும் ஒன்றும் இழவாமைக்கு 100க்கு 20 வாய்ப்பும் கொள்கின்றீரோ என்று கேட்டனர். இப்பொழுது 100க்கு 92 பேர் துணிந்து சூதையே தெரிந்தனர். இலாபத்திலே அடக்கமுடையவராயிருந்த மனிதர் நட்டத்திலே சூதராயினர். அவ்விருவருடைய பிந்திய ஆராய்ச்சிகள், ஒரு தொகையைப் பெறுதலால் வரும் மகிழ்ச்சியினும் அத்தொகையை இழத்தலால் வரும் நோவு ஏறக்குறைய இருமடங்கு என்றுங் காட்டின.

ஆகவே தோற்றவனுடைய புத்தி, தோல்வியை ஏற்றுக்கொள்ளும் நோவைத் தவிர்ப்பதற்காக எந்த அபாயத்தையும் ஏற்கும் நிலையில் இருக்கின்றது. அந்நிலையிலே அவன் செய்யுந் தீர்மானங்களே மிகப் பெரியனவாகவும் இருக்கின்றன. நோயாளன் தனக்குத் தானே மருந்து எழுதிக்கொள்ளும் வேளை அதுவாம்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று கூறுவேன். இலண்டன் நகரத்திலே 1762 ஆம் ஆண்டில் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது. அவ்வங்கியின் பொருட்டு நிக் லீசன் என்னும் இளைஞர் 1992 ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரிலே வருங்கால ஒப்பந்த வியாபாரம் செய்துவந்தார். ஓர் ஊழியர் வாங்கவேண்டியவற்றைத் தவறி விற்றமையால் ஏறக்குறைய 20,000 பவுண் நட்டம் நேர்ந்தது என்றும், அதனை மறைத்துவைத்ததே தொடக்கம் என்றும் லீசன் தாமே பிற்காலத்திற் கூறினார். மறைத்துவைத்த கணக்கின் இலக்கம் 88888. எட்டு என்னும் எண் சீனரிடத்திலே அதிட்டமுடையதாகக் கொள்ளப்படுவது. 1992 ஆம் ஆண்டு முடிவிலே அக்கணக்கில் நட்டம் ஏறக்குறைய 2 மில்லியன் பவுண்; 1993 முடிவிலே 23 மில்லியன்; 1994 முடிவிலே 208 மில்லியன். 1995 சனவரி 17 ஆந் திகதி யப்பானிலே கோபே நகரத்தைப் பூகம்பம் அழித்தது. யப்பானியச் சந்தை விழுந்தது. அஃது எழும் எழும் என்று லீசன் மேன்மேலும் வாங்கினார். பெப்புருவரி மாதம் 26 ஆந் திகதி வங்கி வீழ்ந்தது. மொத்த நட்டம் 827 மில்லியன் பவுண். அவ்வங்கியை ஒல்லாந்து தேசத்து ஐஎன்ஜி நிறுவனம் ஒரு பவுண் விலைக்கு ஏற்றுக்கொண்டது. லீசன் சிங்கப்பூரிலே ஆறரை வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

இச்சரிதத்திலே இரண்டு குறிப்புகளை நோக்குங்கள். ஒன்று, முதல் நட்டம் சிறிது. அதனை அன்றே மேலதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தாராயின், சிறிது நாணமும் சிறிது கண்டிப்புமே விளைந்திருக்கும். மற்றொன்று, வியாபாரஞ் செய்தவரும் அதன் கணக்கை முடித்தவரும் ஒருவரேயாயினர். தன் பிழையைத் தானே திருத்திப் புள்ளியிடும் மாணாக்கன்போல அவர் இருந்தார். பார்ப்பார் வேறொருவர் இல்லாத கணக்கிலே பொய் புகுதல் எளிது. அப்பொய்யும் பிறர்க்குச் சொல்லுமுன் தனக்கே சொல்லப்படுவது.

இனி, மீட்டேயாகவேண்டும் என்னும் அவ்வாசையின் வேர் யாது என ஆராய்வோம். பணத்தாசை என்பது எளிய விடை. ஆனால் அது போதாது. பணமே வேண்டுமாயின் அதனை ஆறு மாதச் சிக்கனத்தாலும் மாலைநேர வகுப்பாலும் மெல்லத் தேடலாமன்றோ? அவ்வாறு வரும் பணம் தோற்றவனுக்குத் திருப்தி தருவதில்லை. எங்கே தோற்றானோ அங்கேயே வெல்லவேண்டுமென்று அவன் விழைகின்றான். ஏனெனில் அவன் இழந்ததாகக் கருதுவது காசையன்று, தன்னை. நான் பிழைபட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளுதலே அவனுக்கு முடியாத காரியம். இதனையே நம் சைவசித்தாந்தம் ஆணவம் என்று கூறும். ஆணவம் வெற்றியிலே செருக்காகத் தோன்றுமென்பதை யாவரும் அறிவர். தோல்வியிலே அது மீட்பு என்னும் வேடம் பூண்டு வரும் என்பதை அறிந்தவர் சிலரே.

பரீட்சை மண்டபத்திலே இதனை நீங்கள் கண்டிருப்பீர்கள். நன்றாகப் படிக்கும் மாணாக்கன் ஒருவன் ஒரு கணக்கிலே தடைப்படுகின்றான். அதனை விட்டு மற்றக் கணக்குகளைச் செய்வானாயின் நற்புள்ளி பெறுவான். அவனோ இது எனக்கு வராததோ என்று சினந்து, அழித்து அழித்து எழுதி, மணி முழுதையும் அவ்வொன்றிலேயே செலவிடுகின்றான். பின்பு நீங்கள் அவனுக்கு என்ன சொல்லுகின்றீர்கள்? தம்பி, விட்டுவிட்டு மற்றதைச் செய்திருக்கலாமே என்கின்றீர்கள். அவ்வுபதேசத்தையே நமக்கு நாம் சொல்லிக்கொள்ளுதல் அரிதாயிருக்கின்றது.

இங்கே ஒரு தடை எழும். நம் அறுபத்துமூவருள் மூர்க்கநாயனார் சூதாடியன்றோ முத்திபெற்றார் என்று சிலர் விளையாட்டாகவும் சிலர் மெய்யாகவுங் கூறுவர். பெரியபுராணத்தை உள்ளபடி நோக்குவோம். தொண்டைநாட்டுத் திருவேற்காட்டிலே பிறந்த இந்நாயனார், அடியார்க்கு அமுதூட்டும் பணியிலே தம் பொருளெல்லாம் செலவானபின், அப்பணி முட்டாமைப்பொருட்டுத் தாம் முன்னே கற்றிருந்த சூதை மேற்கொண்டு, கும்பகோணத்தை அடைந்து ஆடினார். முதலாட்டத்திலே தோற்றுப் பின்னையாட்டங்களிலே வென்றார். மறுத்தவரைச் சுரிகையாற் குத்தினமையால் மூர்க்கர் எனப் பெயர்பெற்றார். வென்ற பொருளைத் தாம் தீண்டாது அமுதாக்குவாரிடத்திற் கொடுத்து, அடியாரெல்லாரும் உண்டபின் கடைப்பந்தியிலே தாம் உண்டார். இவருடைய செயலைப் பின்பற்றுக என்று புராணம் நமக்குச் சொல்லவில்லை. பின்பற்றுவோமாயின் சுரிகையையும் எடுக்கவேண்டி வரும். இவரிடத்திலே நாம் கற்கவேண்டியது, வென்றது எனது என்னும் எண்ணம் இல்லாமை. வென்ற காசைத் தீண்டாதவருக்கு முதலாட்டத்துத் தோல்வி எவ்வாறு காயஞ்செய்யும்? அவருடைய சரிதத்தைக் காட்டித் தம் சூதுக்கு நியாயம் தேடுவோர், தாம் வென்ற நாளிலே எப்பந்தியில் உண்டார்கள் என்று தம்மைத் தாமே கேட்பாராக.

மற்றொரு தவறையும் இங்கே கண்டிக்கவேண்டியிருக்கின்றது. தொடர்ந்து தோற்றவர் சிலர் சந்நிதியிலே சென்று, இழந்ததை மீட்டுத் தருவாயாயின் இன்னது செய்வேன் என்று சுவாமியோடு ஒப்பந்தம் பேசுகின்றனர். இஃது அருச்சனைத் தட்டிலே மற்றொரு பணையத்தை வைத்தலேயாம். கோயிலுக்குப் போகவேண்டாமென்று நான் கூறவில்லை, போகவே வேண்டும். ஆனால் கேட்கவேண்டியது போன காசையன்று. போனதைப் போனதென்று அறியும் தெளிவை.

இனிச் செய்யற்பாலனவற்றைக் கூறுவேன்.

முதலாவது, அளவு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் பழமொழி. சிக்காகோ நகரத்து வியாபாரி ரிச்சட் டெனிஸ் என்பார், நல்ல வியாபாரிகளைப் பயிற்றி உண்டாக்கலாம் என்பதைக் காட்டுதற்கு 1983 ஆம் ஆண்டில் மாணாக்கர் சிலரைச் சேர்த்துக் கற்பித்தார். அவர்களுக்கு ஆமைகள் என்று பெயரிட்டார். சிங்கப்பூரிலே ஆமை வளர்ப்பதைக் கண்டு, அவ்வாறே வியாபாரிகளையும் வளர்க்கலாம் என்னுங் கருத்தால் இட்ட பெயர் அது. ஆயினும் அவர் விதித்த நியமங்களை நோக்கின், ஆபத்திலே உறுப்புக்களை உள்ளிழுக்கும் ஆமையை அடக்கத்துக்கு உவமை கூறும் நம் பெரியோர் கருத்தும் அப்பெயருக்கு நன்கு பொருந்தும். எந்த ஒரு வியாபாரத்திலும் தம் முதலிலே 100க்கு 2க்கு மேல் இழவாதபடி காத்தல் வேண்டும் என்பதும், முதல் 100க்கு 10 குறைந்துவிட்டாற் கையாளுந் தொகையை 100க்கு 20 குறைத்துக்கொள்ளல் வேண்டும் என்பதும் அந்நியமங்களுட் சில. தோற்குந்தோறும் சுருங்குக என்பதே இதன் பொருள். அத்தகைய ஆசானும் 1988 ஆம் ஆண்டிலே பெருநட்டமடைந்து, பிறர் பணத்தைக் கையாளுதலை நிறுத்தினார்.

கணக்கைப் பாருங்கள். 1,00,000 ரூபாயிலே ஒவ்வொரு முறையும் எஞ்சியதில் 100க்கு 2 வீதம் பத்து முறை தொடர்ந்து தோற்றவனிடத்தில் 81,707 ரூபாய் எஞ்சும். 100க்கு 20 வீதம் பத்து முறை தோற்றவனிடத்தில் 10,737 ரூபாயே எஞ்சும். அவன் பழைய நிலையை அடைதற்கு அதனை ஒன்பது மடங்குக்கு மேலாகப் பெருக்கல்வேண்டும். இரட்டித்து ஆடுவானுடைய நிலை இதனினுங் கொடிது. 100 ரூபாயிலே தொடங்கித் தோற்குந்தோறும் இரட்டிப்பவன் பத்து முறையில் 1,02,300 ரூபாயை இழப்பான். பதினோராவது முறை 1,02,400 ரூபாய் வைத்து வென்றானாயினும் அவனுக்கு மிஞ்சும் இலாபம் 100 ரூபாயே. நூறு ரூபாய்க்காக இலட்சத்தைப் பணையம் வைத்தலை எப்பிள்ளையும் நகைக்கும். கடன்பட்ட காசும், அடைவு வைத்த காசும், பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த காசும் சந்தைக்குள் ஒருபோதும் புகலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இரண்டாவது, ஓய்வு. இத்தனை முறை தொடர்ந்து தோற்றால் இத்தனை நாள் தொடேன் என்பதை, தோற்குமுன்னரே எழுதி வைத்தல் வேண்டும். தோற்றபின் எழுதும் விதி ஆசையால் எழுதப்படுவது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே கொழும்புப் பங்குச்சந்தையே ஏப்பிரல் 18 ஆந் திகதி தொடங்கி ஒருவாரம் மூடப்பட்டது; முதலிட்டோர் நிலைமையைத் தெளிந்துகொள்ளுதற்கு அவகாசம் வேண்டுமென்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். சந்தைக்கே ஒருவார ஓய்வு வேண்டியிருந்ததாயின், தனிமனிதன் ஒருவனுக்கு வேண்டாவோ? அவ்வோய்வுநாட்களிலே நேரத்துக்கு உண்ணுங்கள், நேரத்துக்கு உறங்குங்கள், சந்தியாவந்தனத்தை விடாது செய்யுங்கள், தோட்டத்துக்கு நீரிறையுங்கள். சிறிய கடமைகளை ஒழுங்காகச் செய்யச் செய்ய மனம் தன்னிடத்துக்கு மீளும்.

மூன்றாவது, கணக்கேடு. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் அதனைச் செய்த காரணத்தைச் செய்யுமுன் எழுதுங்கள். முடிவைப் பின் எழுதுங்கள். நல்ல காரணத்தோடு செய்து தோற்றதும் உண்டு. கெட்ட காரணத்தோடு செய்து வென்றதும் உண்டு. முன்னது தவறன்று, பின்னது வெற்றியன்று. வழி சரியாகி விடை பிழைத்த கணக்குக்கு நீங்கள் புள்ளி கொடுப்பதில்லையா? அந்நீதியையே உங்களுக்குஞ் செய்யுங்கள். அவ்வேட்டை வேறொருவர் பார்க்கும்படி வையுங்கள்.

நான்காவது, சொல்லுதல். நட்டத்தை மனைவிக்கு, அன்றி மனைவி கணவனுக்கு, அன்றியும் நம்பத்தகுந்த ஒருவருக்கு, சிறிதாயிருக்கும்போதே சொல்லிவிடுதல் வேண்டும். சொல்லிய நட்டம் அவ்வளவிலே நிற்கும். மறைத்த நட்டம் வளரும். நாணம் ஒருநாட்பொழுதிலே கழியும். 88888 என்னுங் கணக்கு இருநூறாண்டு வங்கியை விழுங்கியது.

ஐந்தாவது, விசாரணை. இது கழிந்துபோகுந் தொடரோ, அன்றி நம் முயற்சியிலேயே உள்ள குறையோ என்று நேர்மையாக ஆராய்தல் வேண்டும். இந்தியாவிலே பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி என்னும் வாரியம் 2024 ஆம் ஆண்டு செத்தெம்பரில் ஒரு கணிப்பை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையுள்ள மூன்று நிதியாண்டுகளில், பங்கு சார்ந்த வருங்கால ஒப்பந்தங்களிலும் விருப்புரிமை ஒப்பந்தங்களிலும் ஈடுபட்ட தனிமனிதர் ஒரு கோடிக்கு மேற்பட்டோருள் 100க்கு 93 பேர் நட்டமே அடைந்தனர் என்றும், அவர்களுடைய நட்டம் தலைக்கு ஏறக்குறைய 2 இலட்சம் இந்திய ரூபாய் என்றும் அக்கணிப்புக் கூறும். நூற்றுக்குத் தொண்ணூற்றுமூவர் தோற்கும் இடத்திலே தோற்றவன் தனியே தன்னை மூடன் என்று நொந்துகொள்ளவேண்டியதில்லை. தொடர்ந்து இருக்கவேண்டிய கடப்பாடும் அவனுக்கில்லை. மூன்று வருட ஏடு நட்டமே காட்டுமாயின், அது தொடரன்று, விடை. எழுந்து வெளியே போதல் தோல்வியன்று; கற்றதன் பயனாம்.

கடைசியாக ஒன்று கூறுவேன். இதனைக் குரலைத் தாழ்த்தியே கூறுகின்றேன். அமெரிக்க தேசத்துப் புகழ்பெற்ற பங்கு வியாபாரி ஜெசி லிவர்மோர், 1929 ஆம் ஆண்டுச் சந்தைவீழ்ச்சியிலே பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1934 ஆம் ஆண்டில் முற்றாகப் பொருளிழந்தவர். 1940 ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்தார். அவரை இகழ்தற்கு நான் இதனைச் சொல்லவில்லை. நட்டத்தின் இருளிலே மனம் இப்படியுந் திரியும் என்பதை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். உங்கள் ஆசிரியர் அறையிலே ஒருவர் திடீரென்று பேச்சுக் குறைந்து, உணவு வெறுத்து, எதற்கெடுத்தாலுஞ் சினந்து, காரணங்கூறாது கடன் கேட்பாராயின், அவரைப் புறங்கூறாதீர்கள். மாலையிலே அவரோடு நடந்து வீடுவரை போங்கள். எவ்வளவு போயிற்று என்று கேட்குமுன், சாப்பிட்டீரோ என்று கேளுங்கள். அவ்விருள் உங்களுக்கே நேருமாயின், அன்றிரவே ஒருவரிடஞ் சொல்லுங்கள். எவருமில்லையெனின் இலங்கையிலே 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் உண்டு. கடனைத் தவணையிலே தீர்க்கலாம். போன உயிருக்குத் தவணையில்லை.

அன்பர்களே, நல்வினைப்பயனாகிய இன்பத்திலும் தீவினைப்பயனாகிய துன்பத்திலும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிற்றலை நம் நூல்கள் இருவினையொப்பு என்று கூறும். அந்நிலை பக்குவப்பட்ட ஆன்மாக்களுக்குரியது; நாம் அதனை எய்தினோமென்று சொல்லுதல் பொய்யாகும். ஆயினும் அத்திசையை நோக்கி ஓரடி வைத்தல் நமக்குங் கூடும். அவ்வடியைத் தோற்ற நாளிலே வைக்கத் தொடங்குவோமாயின் கால் தடுமாறும். வென்ற நாளிலேயே வைத்துப் பழகல்வேண்டும். இலாபம் வந்தபொழுது என் திறமை என்று நெஞ்சு நிமிர்ந்தவன், நட்டம் வந்தபொழுது என் மூடத்தனம் என்று நெஞ்சு உடைவான். வென்றபொழுது இது வந்தது என்று மாத்திரம் எழுதி ஏட்டை மூடியவன், தோற்றபொழுதும் இது போயிற்று என்று எழுதி ஏட்டை மூடுவான்.

நாளைக் காலையிலே நீங்கள் வகுப்புக்குட் புகும்போது நாற்பது முகங்கள் உங்களை நோக்கும். நேற்றைச் சந்தை எவ்வாறு முடிந்தது என்பதை அவற்றுள் ஒன்றும் அறியாது, அறியவும் வேண்டியதில்லை. கூட்டலில் ஒன்றை விட்ட பிள்ளையை அருகழைத்து, விட்ட ஒன்று எங்கே என்று பொறுமையோடு காட்டுங்கள். நேற்று நீங்கள் இழந்த எதனினும் அந்தப் பொறுமை பெரிய முதல். அதனை எச்சந்தையிலும் பணையம் வையாதிருக்கும் மனத்திண்மையைச் சிவபெருமான் நமக்கு அருளுவாராக.

திருச்சிற்றம்பலம்.